கலங்கலாக இருந்த குழாய்கள்

ஜூன் 16, செவ்வாய்

விடியும்போதே மழை. கொடியில் மூன்று நாள் துணி, ஈர வாடையோடு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. தோப்பும்படியில் குடை தைப்பவர் இன்றும் வரவில்லை. வைட்டிலாவில் பஸ் மாறி காக்கநாடு ஆய்வகம் சேர 9.50. தாமதம்.

செய்ய வேண்டியவை: உறைபெட்டிப் பதிவேடு சரிபார்த்தல். உம்மாவுக்கு முழங்கால் தைலம். குடை.

டாக்டர் அனுபமா எனக்காகக் காத்திருந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். இரண்டு கூட்டம் புள்ளிகள். கவனம் நிற்காத, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகள், ஏடிஎச்டி என்று அவள் பார்த்து முடிவு செய்தவர்கள், கீழே. ஒப்பிடுவதற்காக எடுத்த மற்றப் பிள்ளைகள் மேலே. நடுவில் வெறும் வெள்ளை. எல்லாம் ரத்தத்தில் இருக்கும் ஒரே பொருளை வைத்து: டிரிப்டோஃபான். உணவிலிருந்து வருவது, மூளைக்குப் போவது.

உடம்பு சம்பந்தப்பட்ட எதிலும் இவ்வளவு வெள்ளை இடம் நான் பார்த்ததில்லை என்றேன்.

"இப்ப பார்த்தாச்சுல்ல சேச்சி" என்று சிரித்தாள். பாலக்காட்டுக்காரி. என்னிடம் தமிழில்தான் பேசுவாள்.

இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை உலகில் எங்கும் உறுதியாக இல்லை. கேள்வித்தாள், பெற்றோர் பேச்சு, டாக்டரின் கண், இவ்வளவுதான். ரத்தத்தில் ஓர் அடையாளம் கிடைக்குமா என்பதுதான் அவள் ஆய்வு. மட்டாஞ்சேரி கிளினிக்கில் எடுத்த ரத்தத்தை அளப்பது என் வேலை. எந்தச் சோதனைக் குழாய் எந்தப் பிள்ளையுடையது என்பது போன வாரம்வரை எனக்குத் தெரியாது. எண் மட்டும்.

பாராட்டி எழுதுவது எனக்கு வராது. ஆனாலும்: இந்தப் பெண் ஒரு பிள்ளையைப் பார்க்க இரண்டு மணி நேரம் தரையில் உட்காருவாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். அவள் பொய்யாக ஒன்றைச் சொல்லிப் பார்த்ததில்லை. அதனால்தான் இன்று நானும் கொஞ்சம் நம்பினேன்.

சனிக்கிழமை ஆலுவாவில் கூட்டம். டாக்டர்களும் ஆய்வுக்கு உதவுபவர்களும் வருவார்கள். அங்கே இந்தப் படத்தைக் காட்டுகிறாள்.

மாலை. செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். தம்பி மனைவி ஷாஹினா கீழ்த்தளத்தில் இருக்கிறாள். தம்பி ஷார்ஜாவில். அவள் மகள் நஸ்ரினும் அந்தக் கீழ்ப்புள்ளிகளில் ஒருத்தி. ஒன்பது வயது. நான்தான் ஆய்வில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சாயா கொடுக்கும்போது ஷாஹினா கேட்டாள், வழக்கம்போல். வழக்கம்போல் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "ரத்தத்திலேயே ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை ஷாலால் துடைத்தாள். நாலு வருஷமாக அவளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வளர்ப்பு சரியில்லை. உம்மாவும் சொல்லியிருக்கிறார். நானும் மனதில் நினைத்திருக்கிறேன்.


ஜூன் 17, புதன்

மழை குறைவு. தோல் பையில் பூஞ்சை. எலுமிச்சையால் துடைத்தேன்.

காலை இறங்கும்போதே ஷாஹினா படிக்கட்டில். பள்ளிக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டாளாம், ரத்த ரிப்போர்ட் வருகிறது என்று. பள்ளியில் திங்கட்கிழமை அழைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன என்று எழுதிய காகிதம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறாள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு நஸ்ரினை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியவில்லையாம்.

"இத்தா, ஒரு வரி போதும். ரத்தத்துல இருக்குன்னு. அப்புறம் யாரும் என்னைப் பார்த்து வாயைத் திறக்க மாட்டாங்க."

அது ஆய்வு, ரிப்போர்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நஸ்ரின் ஒரு காலில் ஷூவோடு தெருவில் இறங்கிவிட்டாள். ஷாஹினா பின்னால் ஓடினாள். சொல்லவில்லை.

ஆய்வகம். பதிவேடு. குழாய்களை வாங்கி வைக்கும்போது வழக்கத்துக்கு மாறாக எதைப் பார்த்தாலும் ஓரத்தில் குறிப்பது என் பழக்கம். நெ. 31: கலங்கல். நெ. 34: கலங்கல். நெ. 35, 38, 40. அப்படியே போகிறது. எல்லாம் என் கையெழுத்து.

ரத்தம் உறைந்தபின் சுழற்றினால் மேலே நிற்கும் நீர் இளமஞ்சளாகத் தெளிவாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும். எங்கள் விதி: காலை ஒன்பது மணி, வெறும் வயிறு. படிவத்தில் எல்லாவற்றிலும் 9.00 என்றுதான் இருக்கிறது.

பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு, எண்களைப் பெயர்ப்பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். கலங்கிய குழாய்கள் எல்லாமே மேல்புள்ளிகள். ஒப்பிட எடுத்த பிள்ளைகள். கீழ்ப்புள்ளிகளில் கலங்கல் இல்லவே இல்லை.

சாப்பிட்டவன் ரத்தத்தில் டிரிப்டோஃபான் கூடும். அதற்கு நோய் வேண்டாம், கறிச் சமோசா போதும்.

தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் நோன்பு மாதம்.

தைலம் வாங்க மறந்தேன்.


ஜூன் 18, வியாழன்

அரை நாள் விடுப்பு. எட்டரைக்கு மட்டாஞ்சேரி கிளினிக். ரெஜினா சேச்சியைப் பார்க்க. ஐம்பத்தைந்து வயது நர்ஸ். பிள்ளைகளுக்கு ஊசி போட அவளை மாதிரி யாருமில்லை. இன்று கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் பிள்ளை நாற்காலியின் கீழே போய் ஒளிந்துகொண்டது. ரெஜினா இழுக்கவில்லை. தானும் கீழே உட்கார்ந்து, "மோளே, இங்க காத்து நல்லா வருதே" என்றாள். அங்கேயே, நாற்காலிக்குக் கீழேயே, ஒரே குத்து. பிள்ளை அழுவதற்கு முன்பே பஞ்சு வைத்துவிட்டாள். படித்தவர்கள் நிறையப் பேரைத் தெரியும் எனக்கு. இந்தக் கை யாருக்கும் இல்லை.

கேட்டேன். மறைக்கவே இல்லை. மறைக்க ஏதோ இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

நோன்பு வைத்த பிள்ளைகளை உம்மாமார் பகலில் ஊசி போட விடவில்லையாம். ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயம். முறியாது என்று பள்ளிவாசல் உஸ்தாத் சொன்னாலும் மனசு கேட்கவில்லையாம். மாதம் முடிந்து வாருங்கள் என்றால் பிறகு வரவே மாட்டார்கள், பரீட்சை, லீவு. அதனால் நோன்பு திறந்து, சாப்பிட்டு, எட்டு எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். அந்த மாதம் முழுக்கத் தன் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. யாரும் சொல்லிச் செய்ததில்லை. வெறும் வயிறு விதியைப் பற்றிக் கேட்டால், அவ்வளவு நேரம் பட்டினி கிடந்த பிள்ளையை இன்னும் பட்டினி போடச் சொல்கிறீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நேரத்துக்கான கட்டத்தில் 9.00 என்று அச்சடித்தே வந்திருந்தது. அதைத் திருத்துவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள்.

அப்படியானால் துறுதுறுப்பான பிள்ளைகள் ஏன் காலையில் வந்தார்கள்?

"அதுங்களை யார் நோம்பு வைக்க விடுறா? பட்டினி போட்டா வீடு தாங்குமா? சாயாவுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்து நிறுத்திருவாங்க."

நஸ்ரினும் அப்படித்தான். அவள் வயதுக்காரிகள் நோன்பு எண்ணிக்கொண்டு திரிந்தார்கள். இவளை நாங்கள் விடவில்லை. எனக்குத் தெரியும். நான் அதே வீட்டில் இருக்கிறேன்.

என்னை உறுத்துவது இதுதான். விதியை அனுவோடு சேர்ந்து எழுதியவள் நான். எதிரில் நாட்காட்டி இருந்தது. பரீட்சை நாளைத் தவிர்த்தேன். நோன்பைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் நோன்பு வைத்துக்கொண்டுதான் அந்தக் குழாய்களை வாங்கி அடுக்கினேன். அந்த மாதம் என் கையில் ஊசி போட யாராவது வந்திருந்தால் நானும் மாலை வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பட்டம் வாங்கியவள்தான்.

ரெஜினா கேட்டாள், தப்பாகிவிட்டதா என்று. உங்கள் தப்பில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.


ஜூன் 19, வெள்ளி

வெயில். இரண்டு மணி நேரம் மட்டும்.

அனுவிடம் சொன்னேன். முன்கூட்டியே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். நேராகப் பேசினால் எனக்குக் குழறும். கேட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். மாலையில் எடுத்த எண்கள் எவை என்று மட்டும் கேட்டாள். ரெஜினா நினைவிலிருந்து சொன்னவையும் என் கலங்கல் குறிப்பும் ஒத்துப்போயின.

அவளே ஒவ்வொன்றாக நீக்கினாள். என்னிடம் விடவில்லை. கடைசி எண் போனதும் படத்தை மறுபடி வரையச் சொன்னாள். வெள்ளை இடம் இல்லை. மேலும் கீழும் கலந்து ஒரே குவியல்.

"போச்சு" என்றாள். பிறகு, "வாங்க சேச்சி, சாயா குடிக்கலாம்."

கேன்டீனில் அவளே இரண்டு சாயா வாங்கி வந்தாள். அப்புறம், இது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டாள். நாளை ஆலுவா. கூட்டம் முடியும்வரை வாயை மூடிக்கொள்ளச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட மனதில் தயார் செய்துவிட்டேன்.

"ரெஜினாச்சேச்சிகிட்ட வேற யாரும் போய், உங்களாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரக் கூடாது. நானே போன் பண்றேன். அவங்க இல்லைன்னா அந்தப் பிள்ளைங்க வந்தே இருக்காது."

முப்பத்தெட்டு வயது. இரண்டு வருட வேலை அப்போதுதான் கையைவிட்டுப் போயிருக்கிறது. அவளுக்கு முதலில் தோன்றியது ரெஜினாவைப் பற்றி.

நான் அவளைப் பற்றி அந்த ஐந்து நிமிடம் நினைத்ததை எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க.


ஜூன் 20, சனி

ஆலுவா. மெட்ரோவில் போனேன், வழியெல்லாம் மழை. ஆறு செம்மண் நிறத்தில். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அனு முதலில் அழகான படத்தைப் போட்டாள். முன்வரிசையில் ஒருவர் கைதட்டவே தொடங்கினார். அடுத்து, ஒரு சொல்லும் சொல்லாமல், மாலைக் குழாய்களை நீக்கிய படம். நோன்பு, ஊசி, பலகாரம், அச்சடித்த ஒன்பது மணி எல்லாவற்றையும் சொன்னாள். ரெஜினா பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. "நேரத்தை அச்சடித்துக் கொடுத்தது நான்" என்றாள். அது உண்மையில்லை, நாங்கள் இருவரும். கையைத் தூக்கிச் சொல்ல நினைத்தேன். தூக்கவில்லை. கூட்டம் முடிந்து அவளிடம் சொன்னேன், அடுத்த முறை இருவர் பெயரும் வேண்டும் என்று. சரி என்றாள்.

மூத்த டாக்டர் ஒருவர் எழுந்து, அப்படியானால் இரண்டு வருடமாக எதைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். கேட்ட விதம் நன்றாக இல்லை.

"மட்டாஞ்சேரிப் பிள்ளைங்க நோன்பு திறந்து என்ன சாப்பிடுறாங்கன்னு கண்டுபிடிச்சோம் சார். ரொம்பத் துல்லியமா."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. இளைய டாக்டர் ஒருத்தி தன் ஆய்விலும் நேரத்தைக் குறிக்கவில்லை என்று எழுந்து நின்று சொன்னாள்.

மறுபடி எடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும், ஒரே நேரம், எழுதும் நேரம் நர்ஸின் கடிகாரத்தில் பார்த்து. அனுமதிப்பார்களா என்பது அடுத்த மாதம் தெரியும்.

வீடு வரும்வரை ஷாஹினாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் அடுக்களை விளக்கு எரிந்தது. படியேறிப் போய்விட்டேன்.

கோழை.


ஜூன் 21, ஞாயிறு

காலை பத்துக்கு அனுவே வந்துவிட்டாள், சொல்லாமல். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறாளாம். நாங்கள் நாலாவது வீடு. ஷாஹினா கப்பைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் ஜன்னல் கம்பியில் தலைகீழாக.

செவ்வாய் நான் சொன்னது தப்பு, ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை, தவறு எங்களுடையது. இதை நான்தான் சொன்னேன். அனு சொல்வதற்கு முன் சொன்னேன். இந்த வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

ஷாஹினா அடுப்பை அணைத்தாள். கப்பையிலிருந்து தண்ணீரை வடித்தாள். திரும்பவேயில்லை.

"அப்ப ரத்தத்துல இல்லைன்னா, இவளுக்கு இல்லைன்னு அர்த்தமா? எல்லாம் என் வளர்ப்புதானா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் அனு தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஷாஹினாவுடையதுதான். சோதனைக்கு முன் இரண்டு வாரம் பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்களாம். நான் அதைப் பற்றி அறிந்ததே இல்லை.

"நான் ரத்தத்தை வச்சு முடிவு பண்ணல ஷாஹினா. இதை வச்சுத்தான் பண்ணினேன். இதோட, டீச்சர் எழுதின தாளும், நான் அவகூட இருந்த நேரமும். அது அப்படியே நிக்குது. ரத்தம் வந்தாலும் வராட்டியும் நிக்கும்."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நோட்டைப் படித்தேன். மலையாள எழுத்து, கரண்டிக் கறை. சில வரிகள், நினைவில் நின்றபடி:

7.10 ஒரு ஷூ போட்டாள்.
7.25 மற்ற ஷூவைத் தேடிப் போனவள் பூனைக்குப் பால் வைத்திருக்கிறாள். ஷூ இல்லை.
7.31 அழுதாள். திட்டினேன். (என் தப்பு.)
4.40 ஒன்பதாம் வாய்ப்பாடு சரியாகச் சொன்னாள், குதித்துக்கொண்டே. உட்கார வைத்ததும் மறந்தாள். மறுபடி குதிக்கச் சொன்னேன். சொன்னாள்.
8.15 தூங்கும் முன், நான் ஏன் இப்படி என்று கேட்டாள். விளக்கை அணைத்தேன்.

இரண்டு வாரம் இப்படி. ஒரு நாளும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டிருக்கிறாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. தன் தப்பையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாள். குதிக்க வைத்து மறுபடி சோதித்திருக்கிறாள். ப்ளஸ் டூவோடு கல்யாணம் ஆனவள். நான் இருபத்தைந்து வருடமாக ஆய்வகக் குறிப்பு எழுதுகிறேன். மாணவர்களுக்குக் காட்ட இப்படி ஒரு பக்கம் என்னிடம் இல்லை.

அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல்தான், ஆனாலும் சொன்னேன்.

"கிண்டல் பண்ணாதீங்க இத்தா" என்றாள்.

அனு அடுக்களை மேசையிலேயே உட்கார்ந்து பள்ளிக்குக் கடிதம் எழுதினாள். கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். உம்மா உள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாலையில் ஷாஹினாவின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் கேட்கவில்லை.


ஜூன் 22, திங்கள்

மழை, காற்று. சவ்வுத்தாளில் கடிதத்தைச் சுற்றிக்கொண்டு ஷாஹினா போனாள். நான் கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

ஆய்வகத்தில் நாள் முழுவதும் புதிய படிவம். நேரத்துக்கான கட்டம் வெற்றாக. பிள்ளை கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்ற கேள்வி. நோன்பா என்ற கேள்வி. ரெஜினாவுக்கு அனுப்பி, எது விட்டுப்போனது என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று திருத்தம் வந்தது. மூன்றும் சரி.

ஆறு மணிக்கு வீடு. ஷாஹினா டீச்சர் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு, ரத்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாளாம்.

"நான் சொன்னேன், இதுக்கு ரத்த ரிப்போர்ட் கிடையாது டீச்சரே, இப்ப யாராவது இருக்குன்னு கொண்டுவந்து நீட்டினா நம்பாதீங்க. எங்க வீட்டிலேயே ஆள் இருக்கு, அவங்களே தேடிட்டுத்தான் இருக்காங்க. அதுவரைக்கும் இதைப் படிங்க."

நோட்டைக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் நின்றபடியே நாலு பக்கம் படித்தாளாம். தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டாளாம். ஓணப் பரீட்சைவரை பள்ளி மாற்றப் பேச்சு இல்லை. முன் பெஞ்சு. ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்வது. வாய்ப்பாடு வேண்டுமானால் குதித்துக்கொண்டு, கடைசி வரிசையில்.

ஓணத்துக்குப் பிறகு என்ன என்று தெரியாது. ஷாஹினாவுக்கும் தெரியாது. ஆனால் அவள் இன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தாள், அக்கம்பக்கம் எல்லாம் கேட்கப் பேசிக்கொண்டு.

நஸ்ரின் மாடிக்கு வந்தாள். என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் கழற்றினாள். அனுமதி கிடைத்தால் இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொன்னேன். அவளிடம் நேராகக் கேட்பது இதுதான் முதல் தடவை. போன முறை அவள் உம்மாவிடம் மட்டும்தான் கேட்டோம்.

"ஏன் மறுபடியும்?"

நாங்க தப்பு பண்ணிட்டோம் என்றேன்.

கையில் ஸ்பிரிங்கோடு என்னையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"மாமி கவனிக்கலையா?"

இல்லை, கவனிக்கவில்லை என்றேன்.

யோசித்தாள். பக்கத்தில் வந்து என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், அவளை யாரோ எப்போதோ தட்டிய மாதிரி. பிறகு இடது கையை நீட்டி, இந்தக் கையில்தான், மற்றது எழுதுற கை என்றாள்.